அப்பா வாங்கி வந்த பதினாலு மீன்

கூடலூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அருள்செல்விக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் இங்கன நல்லா இருக்கோம், அயர்லாந்துக் குளிர்ல நீயும் சளி கிளி பிடிக்காம, ஆஸ்பத்திரி டூட்டிக்கு நடுவுல வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். தினமும் போன்ல பேசுறவ எதுக்கு இப்பக் காயிதம் எழுதுறான்னு நெனப்ப. போன எடுத்தா அப்பா பக்கத்துலயே காத வச்சுக்கிட்டு நிக்கிறாக, அவுகளப் பத்தி அவுகள வச்சுக்கிட்டே எப்படிச் சொல்றது, அதான்.

நீ அனுப்புன மீன் தொட்டி வந்த அன்னைக்கு, நானென்ன பால்குடி மறக்காத பிள்ளையா, கண்ணாடிக்குள்ள மீன் பாக்கன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாக. கண்ணு ஆபரேசனுக்கு அப்புறம் ஜீப்ப வித்ததுல இருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்குறதுதான் அவுகளுக்கு வேலைன்னு உனக்கே தெரியும். மறுநாக் காலையில பாத்தா சவரம் பண்ணி, சட்டை தேச்சுப் போட்டு, கம்பத்துக்கு பஸ் ஏறிட்டாக. மத்தியானம் கையில பொட்டலம் பொட்டலமாத் தண்ணிக் கவரோட வந்து எறங்குறாக. கோல்டு ஃபிஷ் ரெண்டு, வரிவரியா டைகர் பார்ப் ஆறு, நீளவால் ஃபைட்டர் ஒன்னு, ஏஞ்சல் ஒன்னு, பொடிப்பொடியா கப்பி நாலு, ஆகப் பதினாலு. எல்லாம் நெறத்தப் பாத்து எடுத்தது, கடையில ஒரு வார்த்தை கேக்கல. நீ துணி எடுக்குற லட்சணம் எங்கன இருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. ரெண்டடித் தொட்டியில இத்தனையும் ஒத்துப்போகுமான்னு கேட்டேன். சாரமில்ல, ஒன்னும் ஆகாது, குமுளிக்கு ஒரு நடையில பதினாலு பேர ஏத்துனவன் நான், ஏறும்போது மொனங்குவாக, லோயர்கேம்ப் தாண்டுனாச் சிரிச்சுப் பேசிக்கிட்டு வருவாகன்னு சொல்லி, எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டிட்டாக.

ரெண்டாம் நாளே கப்பியில ரெண்டக் காணோம். கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்குன்னு சாதிச்சாக, நான் அந்த ஏஞ்சல் வயித்தத்தான் பாத்தேன். டைகர் பார்ப் ஆறும் சேந்துக்கிட்டு ஃபைட்டர் வாலக் கடிச்சுக் கடிச்சு நூல் நூலாக் கிழிச்சு வச்சுருச்சு. கோல்டு ஃபிஷ் திங்குறதும் கழியுறதுமா இருந்து தண்ணி கஞ்சித் தண்ணி மாதிரி ஆயிருச்சு. நாலாம் நாளு ஃபைட்டர் செத்து மெதந்துச்சு. அப்பா அத எடுத்துச் செம்பருத்தி மூட்டுல பொதச்சுட்டு வந்து மத்தியானம் சாப்பிடல ஆத்தா. மீன் கொழம்பு வச்சா மூணாவது தடவ சோறு கேக்குற ஆளு மீனுக்கு அழுவுறதப் பாருன்னு நான் கேலி பண்ணேன். வழக்கம்போல ஏறுக்கு மாறாப் பேசுவாகன்னு பாத்தா, செல்வி ஆசையா அனுப்புனா, ஒரு வாரத்துல கெடுத்துட்டேன், கேட்டா என்ன சொல்லட்டும்னு தரையப் பாத்துக்கிட்டே கேட்டாக. அதுக்கு மேல எனக்குச் சிரிக்க வரல. வெளிச்சம் கூசுதுன்னு சொல்லி வீடியோவுல தொட்டிய வாசப்படியில நின்னுக்கிட்டே காட்டுனாகளே, அது இதுக்குத்தான்.

மறுநாளு கண்ணு டாக்டரப் பாத்துட்டு வாறேன்னு காலையில கிளம்பிப் போயிட்டு வந்தாக. அதுக்கு அடுத்த நாள் நான் ரவிக்கை தைக்கக் குடுக்கணும்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு, போன்ல தொட்டியப் படம் எடுத்துக்கிட்டு அதே மீன் கடைக்குப் போனேன். கடை நடத்துறது கிருபாவதின்னு ஒரு பொண்ணு. படத்தப் பாத்ததும், இந்தத் தொட்டிய எனக்குத் தெரியுமேம்மா, நேத்துத்தான் ஒரு அய்யா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து, இதே மாதிரிப் படத்தக் காட்டி ரெண்டு மணி நேரம் உக்காந்து நோட்டுல எழுதிட்டுப் போனாகன்னு சிரிக்கிறா. எனக்கும் பொறுமையாச் சொன்னா. டைகர் பார்ப் நீளவால் மீனக் கண்டா விடாதாம், ஏஞ்சலுக்கு வாய்க்குள்ள போற அளவுல எது இருந்தாலும் எரைதானாம், கோல்டு ஃபிஷ் கையகலம் வளருமாம், அதுக்கு இந்தத் தொட்டி பத்தாதாம். நம்ம போர் தண்ணிக்குக் கப்பியும் பிளாட்டியும் தோதா இருக்கும், ரெண்டும் சாதுன்னு சொன்னா.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடுத்துட்டு, ஏங்க, டைகர் பார்ப்பப் பத்திக் கண்ணு டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டேன். காப்பி பொரையேறிருச்சு உங்க அப்பாவுக்கு. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்தாக. அந்த வாரமே பார்ப்பையும் ஏஞ்சலையும் கடையிலயே திருப்பி விட்டுட்டோம். கோல்டு ஃபிஷ் ரெண்டும் ஒச்சாண்டி அண்ணன் திராட்சைத் தோட்டத்துச் சிமிண்டுத் தொட்டியில இருக்கு. பாதித் தண்ணிய மாத்தி, நாள் விட்டு, மிஞ்சுன ரெண்டு கப்பியோட புதுசா ஆறு கப்பியும் நாலு பிளாட்டியும் கொஞ்சங் கொஞ்சமா விட்டோம். மூணு வாரமாச்சு, ஒன்னும் சாகல. இப்ப ஒரு கப்பி வயிறும் உப்பி நிக்குது, அப்பா நாளைக்கு நாலு தடவ கிருபாவதிக்குப் போன் போடுறாக. நீ பொறந்தப்ப குமுளியில சவாரி இருக்குன்னு மறுநாள் வந்து எட்டிப் பாத்த மனுசன்!

ஆத்தா, இந்தக் காயிதம் கெடச்சதும் போன்ல பேசும்போது, எத்தனை மீனப்பா செத்துச்சுன்னு நீயாச் சிரிச்சுக்கிட்டே கேட்டுரு. தானா வந்து சொல்ல அவுகளுக்கு வாய் வராது. முப்பது வருசம் மலைப்பாதையில வண்டி ஓட்டுன ஆளு, உனக்குப் பயந்துக்கிட்டுக் கெடக்குறாக.

கர்த்தர் உன்னக் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும். காதுக்குத் துணி கட்டாம வெளிய போகாத. நான் எழுதுனதக் காட்டிக்கிறாத, காயிதத்த நானே போய்த்தான் போஸ்டாபீசுல போடப் போறேன், அவுககிட்டக் குடுத்தாக் கவரப் பிரிச்சுப் படிச்சுருவாக.

முத்தங்களோட
உன் அம்மா
லூர்து மேரி