கார் விளக்கைத் தேய்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

நங்கையா,

இன்று காலை வாசலில் என் மகன் தன் காரின் முன்விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஈரமான உப்புத்தாள் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் சமையலறை வரை கேட்டது. பின்னாலேயே பற்பசை வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. அடுத்தடுத்த வீட்டில் இருந்த அண்ணிக்கும் நாத்தனாருக்கும் கடிதம் எதற்கு என்று உங்களுக்கு நான் ஒன்றுகூட எழுதியதில்லை. இதுதான் முதல்.

அருள்புரத்தில் நம் பனியன் கட்டிங் யூனிட் நன்றாக ஓடிய காலத்தில் அண்ணன் அந்தக் காரை வாங்கினார். எங்கெங்கோ கைமாறி வந்த பழைய வெளிநாட்டுக் கார். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் இரண்டு முறை கோவைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அவரால் இனி ஓட்ட முடியாது என்றானதும் நீங்கள் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். நான் பின்சீட்டில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு சின்ன வாளியோடு உட்கார்ந்திருப்பேன். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

வெயிலில் நின்று நின்று அந்த விளக்குகள் பழுத்துப்போயிருந்தன. மேலே மஞ்சள் ஆடை படர்ந்து, போட்டாலும் வெளிச்சம் வெளியே வராது. ஒருநாள் பல்லடம் வருவதற்கு முன், இருட்டு கட்டும் நேரத்தில், ஓரமாகச் சைக்கிள் மிதித்துப் போன ஒருவரை நீங்கள் கடைசி நொடியில்தான் பார்த்தீர்கள். வண்டி குலுங்கி நின்றது. அவர் சைக்கிளோடு மண்ணில் சரிந்தார். மில்லுக்கு ஷிப்ட் போகிறவர்; சாப்பாட்டுத் தூக்கு உருண்டு சோறெல்லாம் கொட்டிக் கிடந்தது. நல்லவேளை, அடி எதுவும் இல்லை. நீங்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினீர்கள்.

“வண்டி வர்றதே தெரியலீங்க அக்கா. லைட்டு எரியுதுங்களா?” என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்று வீடு வரை முதல் கியரிலேயே ஊர்ந்து வந்தீர்கள்.

மறுநாள் மெக்கானிக் கையை விரித்தார். “இதுக்கு லைட்டு மேல இருக்கற டூம் இங்க எங்கயும் கெடைக்காதுங்க. கண்ணாடின்னாத் தொடைச்சிரலாம், இது பிளாஸ்டிக்.” கட்டிலில் படுத்திருந்த அண்ணன், “வண்டிய வித்துப்போட்டு என்னைய பஸ்ல கூட்டிட்டுப் போ. இல்லீன்னா உட்ரு, போதும்” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள், கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு, ரகம் ரகமாக உப்புத்தாளோடு வந்து என்னைக் கூப்பிட்டீர்கள்.

விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினோம். சோப்புத் தண்ணீரில் கழுவினோம். முரட்டுத்தாளை நனைத்து ஆளுக்கொரு விளக்காகத் தேய்த்தோம். வழிந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு முழுவதும் மோர் ஊற்றியதுபோல் வெளுத்துப்போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கெடுத்துப்போட்டமுங்க நங்கையா. இருந்ததும் போச்சு!”

“போனாப் போவுது அம்மிணி. நிறுத்தாத. தண்ணி மட்டும் காயாமப் பாத்துக்க.”

அடுத்து நைசுத்தாள், அதைவிட நைசுத்தாள். கடைசியில் பற்பசையைப் பிதுக்கி, யூனிட்டில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியால் தேய்த்தோம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. நீங்கள் துடைத்துவிட்டு நகர்ந்தபோது உள்ளே பல்பு தெரிந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன், “அட!” என்றார். பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த நல்ல சொல் அது.

நாம் நினைத்ததுபோல் அத்தோடு முடியவில்லை. மேற்பூச்சு போய்விட்டதால் சில மாதங்களில் மறுபடியும் மங்கியது. மறுபடியும் தேய்த்தோம். பின்னர் அது வீட்டு வேலைகளில் ஒன்றானது. ஒருமுறை நான் சலித்துப்போய், “எத்தன நாளைக்குங்க இப்படி?” என்றேன். விளக்கைப் பற்றித்தான் கேட்டேனா என்று இன்றும் தெரியவில்லை. நீங்கள் தாளை நனைத்தபடியே, “இன்னைக்குத் தேச்சா இந்த வாரம் போய்ட்டு வந்தரலாம்” என்றீர்கள்.

அப்படித்தான் மூன்று வருடங்கள் போய்ட்டு வந்தோம். நான்காவது மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார்.

காரை விற்க முடிவானது. கொமரலிங்கத்தில் ஒரு விவசாயி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கொண்டுபோய் விடுவதற்கு முந்தின நாள், நீங்கள் தனியாக உட்கார்ந்து விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“விக்கிற வண்டிக்கு எதுக்குங்க?”

“வாங்கறவரும் இருட்டுல ஓட்டுவாரல்ல அம்மிணி.”

அவரிடம் சாவியைக் கொடுக்கும்போது, “இது திரும்பவும் மங்குமுங்க. அப்பப்பத் தேச்சுக்கோணும்” என்று சொல்லி, மீதமிருந்த தாள்களையும் கொடுத்துவிட்டீர்கள். அவருக்குச் சிரிப்பு. உங்களுக்கு இல்லை.

உடுமலை வந்து பேருந்து ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். ஊர் தாண்டுவதற்குள் உங்கள் தலை என் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தனை வருடங்களில் நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரிப் பெஞ்சில்கூட முதுகை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருப்பீர்கள். என் தோள் மரத்துப்போனது. நான் அசையவில்லை.

பல்லடம் தாண்டியதும் கண்டக்டர் வந்து, “அருள்புரம் எறங்கோணும்ல, எழுப்புங்க” என்றார்.

“வேண்டாமுங்க. திருப்பூருக்கே டிக்கெட் குடுத்துருங்க” என்றேன்.

நம் ஊர் ஜன்னலில் வந்து, பின்னால் போனது. அந்தத் தலையின் கனம் இன்னும் என் தோளில்தான் இருக்கிறது, நங்கையா. இறக்கி வைக்க மனமில்லை.