ஒன்பதாம் எண் மூடி

அன்று எனக்குப் பயமாக இருக்கிறது என்று உங்களிடம் நான் சொல்லவில்லை, அக்கா. சொல்லியிருந்தால் நீங்களும் அதையே சொல்லியிருப்பீர்கள். இரண்டு பேரும் சொல்லிவிட்டால் நடுவில் நின்ற பிள்ளை யாரைப் பிடித்துக்கொள்ளும்? அதனால் வாயை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்றேன்.

இன்று அலமாரியைத் துடைக்கும்போது அந்த மூடி கையில் அகப்பட்டது. பவுடர் டப்பா மூடி. மேலே நீங்கள் சிவப்புப் பெயிண்டில் எழுதிய ஒன்பது பாதி உதிர்ந்திருக்கிறது. விளிம்பில் பவுடர் வாசனை மட்டும் போகவில்லை.

சுரங்கத்தில் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் இறங்குகிறவர்களுக்கு டோக்கன் உண்டு. மேலே வந்ததும் திரும்பத் தர வேண்டும். ஒரு டோக்கன் வராவிட்டால் ஒரு ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள். அந்த வழக்கத்தை நீங்கள் நடன வகுப்புக்குக் கொண்டுவந்தீர்கள். பிள்ளைக்கு ஒரு எண், ஒரு மூடி. அழைத்துப்போக வருபவர் கையில் அது இருக்க வேண்டும். ஆணியில் மாட்டிய பிறகுதான் பிள்ளை வாசலைத் தாண்டும். நம் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"இன்னா டீச்சர், டான்ஸ் சொல்லித் தர்றீங்களா, ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கறீங்களா?"

"ஷிஃப்டுதாம்மா. கேஜ் மட்டும் இன்னும் வரல" என்பீர்கள்.

உங்களுக்கு வேறு விதிகளும் இருந்தன. இடுப்பு வளைந்திருந்தால்கூட, "தொட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்காமல் திருத்த மாட்டீர்கள். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும். பாட்டும் ஜதியும் என் வேலை. காற்று உள்ளே வந்து என் தொண்டையைக் கெடுக்கிறது என்று ஒருமுறை முணுமுணுத்தேன். "தொண்டை நாளைக்குச் சரியாப் பூடும்" என்றீர்கள். அதற்கு மேல் விளக்கவில்லை.

விளக்கம் தேவைப்படவும் இல்லை. நாம் வகுப்பு நடத்திய ஹாலின் கமிட்டி செக்ரட்டரி, வகுப்பு முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து ஸ்கூட்டரை நிறுத்துவார். வசந்தியை வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று அன்றைக்கு முன்பே கேட்டிருக்கிறார். அவளுக்குப் பத்து வயது. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அப்பாதான் ஷிஃப்டு முடிந்து வருவார். செக்ரட்டரி வாங்கிவந்த சாக்லேட்டை வாங்காமல் வசந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன்.

அன்று மாலை பிள்ளைகள் அரைமண்டியில் இருந்தபோது தரை ஒரு முறை துள்ளியது. ஆணியில் தொங்கிய சலங்கைகள் யாரும் தொடாமலே குலுங்கின. அடியில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அழவில்லை. விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று எல்லோரும் காது கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அம்மாக்கள் மூடிகளோடு ஓடிவந்தார்கள். ஒவ்வொரு ஆணியாக நிரம்பியது. வசந்தியின் ஒன்பதாவது ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"வசந்தி அப்பனுக்கு அடி. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. புள்ளய அனுப்பு, நான் இட்டுனு போறேன்" என்றார்.

வசந்தி ஓடப் பார்த்தாள். நீங்கள் அவள் கையைப் பிடித்தீர்கள். "டோக்கன் குடுத்தாரா சார்?"

"மனுசன் அடிபட்டுக் கெடக்கறான், நீ மூடியக் கேக்கற!"

"அப்போ நாங்களும் வர்றோம் சார். நடந்தே வர்றோம்."

"நீ நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள அவன் கண்ண மூடிட்டா? அந்தப் பாவம் யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"பொம்பளைக்கு இவ்ளோ திமிரா? ஹாலு யாருதுன்னு மறந்துட்டியா?"

"டீச்சர், நான் போறேன் டீச்சர், எங்கப்பா டீச்சர்" என்று வசந்தி உங்கள் புடவையை இழுத்துக் கதறினாள். நான் படித்த கதைகளில் பயம் எப்போதும் இருட்டில்தான் வரும். எனக்கு அது வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போதே வந்தது. அவர் சொல்வது பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று அதைவிடப் பெரிய பயம்.

வசந்தியை நடுவில் விட்டு ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து காற்று மண்ணை வாரி இறைத்தது. ஸ்கூட்டர் பின்னாலேயே மெதுவாக வந்தது. திரும்பிப் பார்க்காதே என்று கண்ணால் சொன்னீர்கள். பிறகு பிள்ளைக்குக் கேட்காத குரலில், "அவரு சொன்னது நெசமா இருந்தா, இந்தப் புள்ள மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றீர்கள். நான் வசந்தியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஆஸ்பத்திரிப் பாதை பிரியும் இடத்தில் ஸ்கூட்டர் சத்தம் நின்றது. அது திரும்பிப் போவது கேட்டது.

அதற்கப்புறம்தான் என் கால்கள் ஓடத் துடித்தன. நீங்கள் ஓட விடவில்லை. ஓடினால் பிள்ளை பயப்படும் என்றீர்கள்.

எதிரே வசந்தியின் அப்பா வந்தார். முகமெல்லாம் புழுதி, தோளில் டிபன் பை. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"இன்னா டீச்சர், எங்க கெளம்பிட்டீங்க? கேஜ் நின்னுபோச்சு, அதான் லேட்டு."

வசந்தி கையை உதறினாள். நீங்கள் விடவில்லை. அவர் பையிலிருந்து மூடியை எடுத்து நீட்டினார். எதிரில் நிற்பவர் அவளுடைய அப்பா என்று தெரிந்தும் எண்ணைப் பார்த்தீர்கள். பார்த்த பிறகுதான் விட்டீர்கள்.

நடந்ததை அவரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னீர்கள். "எனக்கு அடின்னு அவரு எதுக்குச் சொல்றாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணைக் கைக்குழந்தை போல. அவர்கள் போனதும் நீங்கள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன்.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அக்கா. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. இப்போது என் வீட்டு முன்னறையில் நான்கைந்து பிள்ளைகள் ஆடுகிறார்கள். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகும் அப்பாக்கள் மூடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். தொடும் முன் கேட்கிறேன். கதவு திறந்தே இருக்கிறது. ரயில் தாமதமாகும் மாலைகளில் கடைசி ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதே பயம் வருகிறது. அது போக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஒன்பதாம் எண்ணை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை.

அன்று அந்த மூடியை என் கையில் கொடுத்து, "நாளைக்கு வந்து மாட்டிடு" என்றீர்கள். மறுநாள் போனேன். ஹால் கதவில் வேறு பூட்டு தொங்கியது. நம் சலங்கைகள் உள்ளே இருந்தன.