ஆக்லாந்து – மதுரை, 14 மணி நேரம்

மார்ச் 11, செவ்வாய்

பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கு லீவு சொல்லியாயிற்று. ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் அப்படியே கிடக்கின்றன.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு நாலாவது நாள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க டீச்சர்."

சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். தம்பி செல்வம், நியூசிலாந்தில். போனை எடுத்ததுமே அழுதான். "நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒம்பதுக்கு ஏறிருவேன்க்கா. வையி, கெளம்புறேன்."

எப்போது வந்து சேருவான் என்று கேட்கவில்லை. போனில் தேடினேன். ஆக்லாந்து – மதுரை விமான நிலையம்: 11,250 கி.மீ., பறக்கும் நேரம் 14 மணி. தூரத்தை வேகத்தால் வகுத்தும் பார்த்தேன். போன வாரம் பிள்ளைகளுக்கு நடத்திய அதே கணக்கு. சரியாக வந்தது. ராத்திரி 9 + 14 = காலை 11. மதுரையிலிருந்து காரில் ஒரு மணி நேரம். பன்னிரண்டு.

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாளாகக் கண் திறக்காதவள் திறந்தாள்.

"பன்னெண்டா?"

"ஆமாம்மா. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு."

"தலையச் சீவி விடு தாயி. இப்படிப் பாத்தா பயந்துருவான்."

பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் அவளே பெருமை வேறு. "எம் மக டீச்சரு. கணக்குப் போட்டுச் சொல்லிட்டா."

வாங்க: ப்ளாஸ்க், துண்டு, தம்பிக்கு ஒரு பாய்.

மார்ச் 12, புதன்

காற்றே இல்லை. ஃபேன் சூட்டைத்தான் இறக்குகிறது.

காலையில் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். கண் சுவர்க் கடிகாரத்திலேயே. நர்ஸுக்கு ஆச்சரியம். "மகனப் பாக்கணும்னு உசிரப் புடிச்சு வச்சிருக்காக."

11. தம்பி போன் ஸ்விட்ச் ஆஃப். இறங்கிக்கொண்டிருப்பான்.

12. வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா கழுத்தைத் திருப்பினாள்.

1. "மணி என்ன தாயி?" ரோட்டில் கூட்டமாக இருக்கும் என்றேன்.

2.10. போன். துபாயில் இருக்கிறானாம்.

"நேரா ஏதுக்கா பிளேனு? இப்பத்தான் இங்கன எறங்கியிருக்கேன். அஞ்சு மணி நேரம் நிக்கணும். பெறகு சென்னை. அம்மாவப் பாக்க நாளைக்குக் காலைல பத்து ஆயிரும்."

பதினான்கு மணி என்பது நேர்கோடு போட்டு எழுதியது. அப்படி ஒரு விமானமே கிடையாது. அந்தப் பக்கத்தின் அடியிலேயே சின்ன எழுத்தில் இருக்கிறது. படித்துத் தொலைக்கவில்லை நான். பெரிய டீச்சர்.

"நாளைக்குக் காலைல பத்தும்மா. இது நிச்சயம்."

"சரி தாயி" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன் பிறகு மணி கேட்கவே இல்லை.

5.40. அடங்கிவிட்டது.

நேற்றே வியாழன் பத்து மணி என்று சொல்லியிருந்தால் அதுவரைக்கும் பிடித்து வைத்திருப்பாள். அவளால் முடியும். நான் சொன்ன நேரம் வரைக்கும் இருந்தாள். அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

திருச்சுழி, வீடு. பந்தல் போட்டாயிற்று. நாற்காலி போதவில்லை. மாமா கத்திக்கொண்டே இருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை.

9.50-க்கே தம்பி வந்துவிட்டான். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதான். அப்புறம் என்னைத் தனியே கூட்டிப்போனான்.

"எனக்காகக் காத்துக்கெடந்துச்சாக்கா?"

"இல்லடா. கடைசி ரெண்டு நாளு அம்மாவுக்கு நெனப்பே இல்ல. நீ வாரதே தெரியாது."

என் தோளில் சாய்ந்துகொண்டான்.

"நல்லவேளைக்கா" என்றான்.