கோட்டு சிரிக்காது

பெர்கன், நவம்பர்

என் மகளுக்கு,

காலையில் பிள்ளைகளிடம் வாங்கிப் பூட்டிவைக்கும் செல்போன்களை இன்று பிரெஞ்சு வகுப்பில் திருப்பிக் கொடுத்தேன். "உங்க வீட்டைப் பத்திப் பிரெஞ்சுல பேசிப் பதிவு பண்ணுங்க" என்றேன்.

வகுப்பில் வாயே திறக்காத சுன்னிவா, நடைவழியில் மாட்டியிருந்த மழைக்கோட்டுகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நாலு நிமிடம் பேசினாள்!

"அங்க ஏம்மா போனே?"

"தப்பாப் பேசினா இவங்க சிரிப்பாங்க டீச்சர். கோட்டு சிரிக்காதே!"

எனக்கு ஆவல் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், அந்தக் கிறிஸ்துமஸன்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நீ விட்டுவிட்டுப் போன மஞ்சள் கோட்டுக்குள் நானும் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஆச்சரியம், பேச்சு தானாக வந்தது.

நீதான் என் அழைப்பை எடுப்பதில்லையே. அதனால் கோட்டையே அனுப்புகிறேன். அதன் பாக்கெட்டில் என் பழைய செல்போன் இருக்கிறது; அதில் ஒரே ஒரு பதிவு.

கேட்கும்போது நீயும் தலையை உள்ளே நுழைத்துக்கொள்.

அம்மா