ஜாம் பாட்டிலில் வைத்த தேள்

1937 ஜூலை 21, புதன்

துளசி மாடத்துக்குப் பின்னால் பெயர்ந்து கிடந்த செங்கலை நகர்த்தினேன். அடியில் கருந்தேள். முதுகு நிறைய வெள்ளைக் குட்டிகள், நொய் அரிசியைத் தூவினாற்போல. துள்ளிப் பின்னால் குதித்தேன்.

அப்பாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இடுக்கியால் எடுத்துக் கொள்ளிடக் கரையில் விட்டுவிடுவார். எங்கள் வீட்டில் தேளை அடிக்கக் கூடாது. அப்பாவுக்குத் தேள்கடி மந்திரம் தெரியும். தேளைத் துன்புறுத்தினால் அது பலிக்காதாம்.

ஆனால் இடுக்கியால் எடுத்தால் குட்டிகள் உதிர்ந்துவிடாதா? லூர்துராணி கொடுத்த காலி ஜாம் பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினேன். செய்தது நான்தானா? பாட்டில் விறகுக்குப் பின்னால் இருக்கிறது. நாளைக்கே விட்டுவிடுவேன்.

ஜூலை 22

விடவில்லை.

ஜூலை 23

லூர்துராணியிடம் மட்டும் சொன்னேன். வகுப்பில் என் பக்கத்து இடம், பொன்மலையிலிருந்து வருகிறாள். “பூரானைப் பாத்தாலே பெஞ்சு மேல ஏறுவே, நீ தேள் வளக்கறியா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கொட்டினா கொட்டட்டுமே, உங்கப்பாதான் மந்திரிப்பாரே.”

அதுவும் சரிதானே?

தேளுக்குக் கரப்பான் போட்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது, எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பிரம்போடு நிற்பதுபோல. அதையே பெயராக வைத்துவிட்டேன்.

ஜூலை 26

நேற்று ராத்திரி வண்டிக்கார வீரமலை காலைப் பிடித்துக்கொண்டு அலறியபடி வந்தார். வைக்கோலில் தேள். அப்பா வேப்பங்கொத்தால் தடவித் தடவி வெகு நேரம் ஜபித்தார். குரலே கம்மிவிட்டது. “இறங்கித்தா?” என்று கேட்டார். வீரமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இறங்கிடுச்சு சாமி” என்றார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்கேற்றினதுபோல.

காசு வாங்க மாட்டார். இன்று காலையில் வாசலில் ஒரு கூடை கத்தரிக்காய்.

ஜூலை 29

ஒரு குட்டி இறங்கிக் கண்ணாடியில் ஏறப் பார்த்தது. வழுக்கி விழுந்து, மறுபடி அம்மா முதுகுக்கே போய்விட்டது. அசடு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

கொட்டிவிட்டது. அட்டையை நகர்த்தும்போது வலது கை விரலில். இடது கையால் எழுதுகிறேன்.

விறகு எடுக்கப் போனேன் என்று பொய் சொன்னேன். அப்பா ஈர வேஷ்டியோடு ஓடி வந்தார். “எங்கடீ, எங்க கண்ணு?” ஜபிக்கும்போது நடுவில் மந்திரம் தப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்பாவுக்கா தப்பும்?

“இறங்கித்தா கமலி?”

கை முழுக்க நெருப்பு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல?

“இறங்கிடுத்து, அப்பா.”

இறங்கவே இல்லை. பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஐயோ, வலிக்கறதே.

ஆகஸ்ட் 2

வலி போய்விட்டது, பயம் போகவில்லை. பிள்ளைக்காரியை அடைத்துவைத்தேனே, அதுவும் துன்புறுத்துவதுதானே? அதனால்தான் மந்திரம் பலிக்கவில்லை. இனிமேல் யாருக்கும் பலிக்காவிட்டால்? ஊரே அப்பாவைக் கேலி செய்யுமே. எல்லாம் என்னால்.

ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸை விட்டுப் பிரியவும் மனசில்லை. கொட்டின பிறகும் அதன்மேல் கோபம் வரவில்லை, ஏன்?

ஆகஸ்ட் 3

பாட்டிலை அப்பா எதிரில் வைத்தேன். ஒரே மூச்சில் சொன்னேன்: “இத அடைச்சு வெச்சதாலதான் மந்திரம் பலிக்கல. உங்க மேல தப்பே இல்ல அப்பா.”

“பலிக்கலையா?” என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அது அவருக்குத் தெரியவே தெரியாதே!

அடிக்கவில்லை, திட்டவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடவே போனேன். கொள்ளிடக் கரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு குட்டியும் உதிராமல் மெதுவாகச் சாய்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் நாணல் பக்கம் நடந்து போனாள், திரும்பிப் பார்க்காமல்.

“ராத்திரி பூரா வலிச்சுதா?”

“விடியற வரைக்கும்.”

என் விரலைப் பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுப்பியிருக்கலாமே, அசடே. கூட உட்காந்திருப்பேனே” என்றார்.

ஆகஸ்ட் 9

காலி பாட்டிலைப் பார்த்தாலே அழுகை வருகிறது. லூர்துராணியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22

சாயங்காலம் வீரமலை, தேள் கொட்டின தன் பெண்டாட்டியை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். அப்பா ஜபித்தார். முடித்ததும், “இறங்கித்தா?” என்று கேட்கவில்லை.

“இன்னும் வலிக்கறதாம்மா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். “வலிக்குதுங்க சாமி” என்று ஓவென்று அழுதாள்.

“ஏய், சாமிகிட்ட அப்படியா சொல்றது!”

“சொல்லட்டும் வீரமலை. உனக்கு அன்னிக்கு எப்படி இருந்தது?”

வீரமலை தலையைச் சொறிந்தார். “விடியற வரைக்கும் இருந்துச்சு சாமி.”

“அப்புறம் எதுக்குப்பா கத்தரிக்கா?”

“எனக்காகத் தொண்டை வறளக் கத்துனீங்களே, அதுக்கு.”

அப்பா சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அவர் சிரித்து! வீரமலையை டாக்டரை அழைத்துவர அனுப்பினார். டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அம்மா இரண்டாம் தரம் காபி கொண்டுபோகிறாள்.

அப்பா விசிறி கேட்கிறார். போகிறேன்.