உன் அப்பாவின் முதுகை எடுக்க மாட்டேன்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள், போன வாரம் போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன், உடம்பில் தெம்பில்லாதவளுக்கு அப்படிக் கத்த வராது. கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று பார்க்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் பாதியில் வெட்டிவிடுகிறாய், மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். காகிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்து முடித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டைக்கூட விடாமல் படித்தவள் ஆயிற்றே நீ.

முதலில் அப்பா. கால் தேவலை, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை தானே நடக்கிறார். வலது கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். பேச்சு இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை, சரி, வேணாம், போ. இதில் போ என்பது எனக்கு மட்டும். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கு வாய் ஓயாது, தன் மாமியார் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே அப்பாவின் காலை மடக்கி நீட்டுவாள், அவரும் வலி தெரியாமல் கதை கேட்பார், அவள் வராத நாளில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பசி நன்றாக இருக்கிறது. தூக்கமும் பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் நான் வரைந்த படங்களைப் போடுகிற என் பக்கம் மறுபடியும் திறந்துவிட்டது. நீயும் உன் சிநேகிதிகளும் ஆளுக்கொரு புகார் கொடுத்து மூட வைத்தீர்களே, அதே பக்கம்தான். மூடியபோது எவனோ வேலைவெட்டி இல்லாதவன் பண்ணியிருக்கிறான் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். 'நான்தாம்மா பண்ணேன்' என்று நீயே சொன்ன பிறகுதான் அவ்வளவு திட்டும் உனக்குப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. திட்டியதை வாபஸ் வாங்குவதாக இல்லை. இது ஆபாசம் இல்லை, ஒரு மனுஷன் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் முதுகு என்று மூடியவர்களுக்கு நான் எழுதினேன், மாடி வீட்டு டீச்சர் அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தாள், என் பக்கத்தில் சேர்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் பங்குக்கு எழுதினார்கள், திறந்துவிட்டார்கள். 'அப்பா படத்தை எடுத்தாத்தான் இனிமே உங்கிட்ட பேசுவேன்' என்று சொல்லிப் போனை வைத்தாய். நான் எடுக்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மிச்சமெல்லாம் ஏன் எடுக்க மாட்டேன் என்பதற்கு.

அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் 'சும்மா வீட்ல உக்காந்து படம் வரைவாங்க' என்று சொல்வாய், என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்தச் சும்மாவில்தான் உன் காலேஜ் முடிந்தது. பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் இதயம், பூவின் குறுக்குவெட்டு, மனிதக் காது, எல்லாம் நான் வரைந்துகொடுத்தேன். நான் யாருக்கும் சம்பளத்து ஆள் இல்லை, வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனை பிள்ளைகள் என் தவளையைப் பார்த்து வரைந்து மார்க் வாங்கியிருக்கும், ஒரு புத்தகத்திலும் என் பெயர் கிடையாது. அதற்காக நான் அழுததும் கிடையாது. அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பதே முழுநேர வேலை ஆகிவிட்டது. அங்கே நாற்காலியெல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போட்டிருப்பார்கள், உட்கார்ந்தால் முன்வரிசைக்காரர்களின் முதுகுதான் தெரியும். முகத்தை வரைந்தால் சண்டைக்கு வருவார்கள், முதுகை வரைந்தால் யாருக்கும் தெரியாது என்று நானும் வரைய ஆரம்பித்தேன். அதில் ஒரு பெண், பெரிய பொம்பளை, தலையில் சின்னப் பிள்ளைகள் குத்துகிற மஞ்சள் வாத்துக் கிளிப்பைக் குத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்தைத்தான் முதலில் போனில் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவளே எழுதினாள், 'நான்தான் அது. எம்பொண்ணை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனப்ப கிளிப்பைக் கழட்டிக் குடுத்தாங்க, எங்க வைக்கிறதுன்னு தெரியாம தலையில குத்திக்கிட்டேன். அன்னிக்கு என்னை யாரும் பாக்கலன்னு நெனச்சேன்' என்று. நான் அதைப் படித்துவிட்டு மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றபடியே அழுதேன். அவள் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். அம்மாவை நாங்கள் எல்லோரும் கிளிப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறோம்.

அதிலிருந்துதான் பக்கத்துக்குத் 'திரும்பாதீங்க' என்று பெயர் வைத்தேன், சட்டமும் வந்தது. முகம் வரையக் கூடாது, பெயர் போடக் கூடாது, தெரிந்தவர்களும் யார் என்று வாயைத் திறக்கக் கூடாது. முதுகுக்குச் சொந்தக்காரரே 'நான்தான்' என்று எழுத வேண்டும். எழுதினால் காகிதத்தில் இருக்கும் படம் அவருக்கு, படத்தைப் பக்கத்தில் வைப்பதா எடுப்பதா என்பதும் அன்றிலிருந்து அவர் இஷ்டம். படத்தை வாங்க வருகிறவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள், அப்புறம் டீக்காகவே வந்தார்கள், நம் கூடத்தில் செருப்பு வைக்க இடமில்லை என்று ஆனபோது தெருமுனைச் சலவைக்கடைக்காரர் கடைக்கு மேலே உள்ள அறையைச் சனிக்கிழமைகளில் கொடுத்தார். இஸ்திரி ஆவி ஏறி அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நாற்காலிகளை வட்டமாக, ஒருவர் பின்னால் ஒருவராகப் போடுவோம். எல்லோரும் தனக்கு முன்னால் இருப்பவரின் முதுகை வரைய வேண்டும், தன் முதுகைப் பின்னால் இருப்பவர் வரைந்துகொண்டிருப்பார். வருகிறவர்களில் ஒரு தையல்காரர், சட்டையில் ஒரு தையல் விடாமல் வரைவார், ஆளை மறந்துவிடுவார். டீச்சர் யாரை வரைந்தாலும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரியே வரும். சிரிக்கிற சிரிப்பில் கீழே துணி எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அங்கேதான் என்னை முதுகம்மா என்று கூப்பிடுகிறார்கள். புத்தகத்தில் வராத பெயர் இப்படி வந்து சேர்ந்தது.

'போனுக்குள்ள இருக்கறவங்கல்லாம் உனக்குச் சொந்தமாம்மா' என்று கேட்டாயே. லிப்ட் கெட்டுப்போன அன்று அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு வரி எழுதிப் போட்டேன். சலவைக்கடைக்காரர் வந்தார், கிளிப்பக்காவின் வீட்டுக்காரர் வந்தார், அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினார்கள், தையல்காரர் முன்னால் படிக்குப் படி வழி சொல்லிக்கொண்டே போனார். போனுக்குள் இருந்தவர்களுக்குத்தான் அன்றைக்குக் கையும் காலும் இருந்தது கண்ணு. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நீ இருக்கும் தூரம் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களை ஊர் பேர் தெரியாத கூட்டம் என்று இன்னொரு தடவை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது அந்தப் படம். குளிப்பாட்டி ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் ஜன்னல் வெளிச்சம் முதுகில் விழுந்திருந்தது. ஒரு தோள் இறங்கி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். துவட்டிவிட்டு உடனே வரைந்தேன். 'அவரால பேச முடியாதுன்னு உன் இஷ்டத்துக்குப் போட்டுட்டியா' என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. படத்தை அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். போடட்டுமா என்றேன். சரி என்றார். நிஜமாகவா என்றேன். போ என்றார். பிறகு போனை வாங்கி, படத்தைப் போடுகிற பொத்தானை இடது கை விரலால் அவரே அழுத்தினார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று காட்ட அவருக்குத் தெரியாதா, பிடிக்காத மாத்திரையைத் தட்டிவிடுகிற வேகத்தை நீ பார்க்கவில்லை.

அப்புறம் நடந்ததை நீ படிக்கவில்லை, படத்தைப் பார்த்ததும் உனக்குக் கண் இருட்டிவிட்டது. உன் அப்பா ஆயுசில் பாதியை பஸ் ஓட்டியே கழித்தவர். ஏறியவர்களில் அவர் முகத்தை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், எல்லோரும் பார்த்தது அந்த முதுகைத்தான். சாயங்காலத்துக்குள் வரிசையாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'தெரிஞ்சிடுச்சு, சொல்ல மாட்டேன்' என்று ஒருவர். 'ஸ்கூல் முடியற வரைக்கும் இவருக்குப் பின்னாடி சீட்டுதான் எனக்கு, இந்தக் கழுத்தை எங்க பாத்தாலும் கண்டுபிடிப்பேன்' என்று ஒரு பெண். 'நான் ஓடி வர்றதைக் கண்ணாடியில பாத்துட்டு நிப்பாட்டுவாரு, ஏறினப்பறம் ஒரு தடவைகூடத் திட்டினதில்லை' என்று இன்னொருவர். 'எங்கம்மா சாகக் கெடந்தப்ப ஸ்டாப்பே இல்லாத எடத்துல ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிட்டாரு, நன்றி சொல்லக்கூட இல்லை, இப்ப சொல்லிக்கிறேன்' என்று ஒருவர். ஒருத்தர்கூடச் சட்டத்தை மீறவில்லை, பெயரும் சொல்லவில்லை, பஸ் நம்பரும் சொல்லவில்லை. நான் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன். அப்பா பாதி வாயால் சிரித்தார், முழுக் கண்ணால் அழுதார். விழுந்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குப் போனைக் காட்டிக் கையை நீட்டினார். நான்தான் என்று அவரே எழுத வேண்டுமாம். இடது கையில் எழுத்து எழுத்தாகத் தேடிப் பழகினார், தப்பினால் முதலிலிருந்து, நான் கை வைத்தால் போ. பழகி முடித்துப் பக்கத்தைத் திறந்தபோது அது மூடிக்கிடந்தது. அவர் முகம் எப்படி ஆயிற்று என்பதை நான் வரையவில்லை, எழுதவும் போவதில்லை.

நீ அப்பாவின் மானத்துக்காகத்தான் செய்தாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. நீ வீடியோவில் கூப்பிடும் நாளில் அவருக்குச் சட்டை மாட்டி, தலை சீவி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துத்தான் உன் முன்னால் உட்கார வைக்கிறேன். நீயும் அப்பா தேறிட்டார் என்று நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாய். அந்த முதுகெலும்பும் இறங்கிய தோளும் உனக்கு முதன்முதலாக அந்தப் படத்தில்தான் தெரிந்தது. உனக்கு வந்த கோபம் என் பக்கத்தின்மேல் இல்லை மகளே, அப்பா இளைத்துப்போனதன்மேல். அதற்குப் படத்தை மூடினால் ஆகுமா? நோய்ப்பட்ட உடம்பைக் கதவுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், அது நீயே ஆனாலும், நான் கேட்க மாட்டேன். ஒளிக்கிற அளவுக்கு அவர் யாருக்கும் ஒன்றும் பண்ணவில்லை. ஆயிரம் பேரைப் பத்திரமாக வீட்டில் சேர்த்த முதுகு அது.

பக்கம் திறந்த அன்று காலையில் சாப்பிடாமல்கூடப் போனை எடுத்துக்கொண்டார். நான் துணி துவைத்து, காயவைத்து, சமைத்து முடித்து வந்து பார்க்கிறேன், எழுதிவிட்டார். 'நான்தான்.' அதன் கீழே எத்தனை பேர் என்னென்ன எழுதினார்கள் என்பதை நீயே போய்ப் படித்துக்கொள், நான் சொல்ல மாட்டேன். எழுதி முடித்ததும் சட்டப்படி என் முன்னால் இடது கையை நீட்டினார், காகிதத்தைக் கொடு என்று. கொடுத்துவிட்டேன். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டச் சொன்னார், அங்கேதான் இருக்கிறது. ஆக, இனிமேல் அந்தப் படத்தை எடுக்க எனக்கு உரிமையே கிடையாது, அது அவருடையது. எடுக்கச் சொல்வதானால் அவரிடம் சொல். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன், நடுவில் வர மாட்டேன்.

வேறென்ன. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையிடம் இந்தச் சண்டையை ஒரு வரி விடாமல் சொல்லியிருப்பாய், பாவம், அவரை நடுவில் இழுக்காதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல், நிமிர்ந்து நடந்து நீண்ட நாள் வாழ வேண்டும், இதில் அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்ந்திருக்கிறது, சரி என்று சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நான் வரைந்ததில் போடாத படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. நீ கிளம்பிப் போன அன்று இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு நடந்தாயே, அந்த முதுகு. நீ திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் உன் முகத்தைத்தான் காட்டுகிறாய், நான் அப்பாவுக்குச் செய்கிற மாதிரி நீயும் சீவி முடித்துப் பளிச்சென்று காட்டுகிறாய். கோபம் தீர்ந்தால் கூப்பிடு, தீராவிட்டாலும் கூப்பிடு. கூப்பிட்டால் ஒன்றும் பேச வேண்டாம், போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் உட்கார். என் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா