தேமலும் மினுமினுப்பும்

1936 பிப்ரவரி 11
நெய் மண்டியில் பதம் பார்க்கும்போது கொதிக்கும் நெய் என் புறங்கையில் தெறித்தது. சுடவே இல்லை. முதலாளி சண்முகவேல் கொப்புளத்தைப் பார்த்தார்; அதைச் சுற்றியிருந்த வெளிறிய தேமலையும் பார்த்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்." அவ்வளவுதான்.

பிப்ரவரி 14
சேலத்துக்குப் போய்க் காட்டினேன். பெருவியாதிதான், குஷ்டம். டாக்டர் தேமலை இறகால் தடவினார், ஊசியால் குத்தினார், காது மடலைக் கீறிப் பரிசோதித்தார். இந்த நோயை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறார்களாம் — நரம்பு வகை, தோல் வகை. "உமக்கு நரம்பு வகை. பிறருக்கு ஒட்டாது. வீட்டிலேயே இரும், ஊசிக்கு மட்டும் வாரும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அழுதுகொண்டே ராசிபுரம் வந்தேன்.

பிப்ரவரி 15
என் மனைவி அங்கம்மாள் நம்பவில்லை. "கையில கண்ணுக்குத் தெரியுதுங்களே! சீட்டுல எழுதிப்போட்டா ஒட்டாமப் போயிருமா? புள்ளயத் தொடாதீங்க சாமி, கும்புட்டுக் கேக்கறேன்." என் சோற்று வட்டிலில் ஆணியால் கீறி அடையாளம் வைத்துவிட்டாள். இனி எனக்கு மாட்டுக் கொட்டகையில் படுக்கை.

மார்ச் 2
சோற்றை வைத்துவிட்டு ஓடுகிறாள். கட்டினவளா இவள்?

மார்ச் 20
அவள் அண்ணன் மனைவி ராமாயி வந்திருந்தாள். "மொகம் எண்ணெ தேச்சாப்ல மினுங்குது! புள்ள பெத்தவளுக்கு இத்தன களையா!" கொட்டகையிலிருந்து கேட்டேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. என்னை ஒதுக்கியதும் அழகு கூடிவிட்டதோ? சீ, என்ன புத்தி எனக்கு.

ஏப்ரல் 17
வீட்டாரையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கம்மாளையும் பிள்ளையையும் அழைத்துப் போனேன். பஸ்ஸில் தள்ளித்தான் உட்கார்ந்தாள். அவள் உடம்பில் ஒரு தேமல்கூட இல்லை. டாக்டர் முடி உதிரத் தொடங்கிய புருவத்தைப் பார்த்தார், தடித்த காது மடலைக் கீறிப் பார்த்தார். தோல் வகை. ஒட்டுகிற வகை. அந்த மினுமினுப்பே நோய்தானாம். பிள்ளைக்கு இதுவரை ஒன்றுமில்லை. ஆனால் அவள் பால் கொடுக்கக்கூடாது, தொடவும் கூடாது. என்னைத் தனியே அழைத்து, "உமக்கே இவளிடமிருந்து வந்திருக்கும்" என்றார். ஐயோ — அவளுக்கா!

ஏப்ரல் 18
பிள்ளை பாலுக்கு அழுகிறான். புட்டிப்பாலைத் துப்புகிறான். அவள் காதைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

"ஏனுங்க, என்னாலதான் உங்களுக்கு வந்துதுங்களா?"

"இல்லை. என்னால்தான் உனக்கு" என்றேன்.

"அந்தச் சீட்டு பொய்யின்னு அப்பவே சொன்னனுங்களே" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. என் பாயை எடுத்து வந்து வீட்டுக்குள் விரித்தாள். கீறல் போட்ட வட்டிலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள்.